மதியம் ரெண்டு மணிக்கு அணைகிற சிஸ்டம்: செங்கோட்டை கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றைப் பற்றி

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. போடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "வர்ற கூட்டத்துக்கே ஸ்டூல் பத்தல, நீங்க வேற" என்று சொல்லிவிட்டார். செங்கோட்டையில் இறங்கி "சிஸ்டம் அண்ணாச்சி கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். கீழே விதைக்கடை, பக்கத்தில் குறுகலான மாடிப்படி, ஏறினால் ஒரே அறை, ஒரே ஆள். கேரள நம்பர் போட்ட பைக் ரெண்டு மூன்று எப்போதும் கீழே நிற்கும், அதுதான் அடையாளம்.

நான் பிரானூர் பக்கம் இருக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட், வீட்டிலிருந்தே வேலை, அது ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில். விடிகாலையில் படுத்து மதியம் எழுந்து சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கேம். நாளில் எனக்கென்று இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான், அதிலும் மண் விழுந்தது இந்த வருஷம்.

சிஸ்டம் நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. ரைசன் 5 5600 ப்ராசசர், 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு முதலில் ஜிடிஎக்ஸ் 1650, அப்புறம் சித்திரை மாதம் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வந்ததே என்று ஆர்டிஎக்ஸ் 3070. பழைய கார்டு 75 வாட், புதியது 220 வாட். நான் மாற்றியது கார்டை மட்டும். 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பழைய எஸ்எம்பிஎஸ்தான் (எல்லா பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) உள்ளே இருந்தது, 500 என்றால் தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு வியாதி என்னவென்று புரிந்திருக்கும். பொறுங்கள், அது பாதி வியாதிதான்.

வேலரன்ட் மணிக்கணக்கில் ஓடும், ஒன்றும் ஆகாது. ஜிடிஏ 5 கூட பெரும்பாலும் ஓடிவிடும். கொஞ்சம் கனமான கேம் போட்டால் பத்து நிமிஷமோ முக்கால் மணி நேரமோ, கணக்கே கிடையாது, சட்டென்று திரை கறுத்து சிஸ்டம் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகும். மச்சான் புனலூரில் இருக்கிறான், ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆடுவோம், நான் காணாமல் போகும்போதெல்லாம் ஹெட்போனில் "கரண்டு போயோ?" என்று மலையாளத்தில் ஒரு இளிப்பு வேறு.

அண்ணாச்சியிடம் போவதற்கு முன்னால் வேறு இடங்களுக்குப் போனேன், எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லி என்ன ஆகப் போகிறது. ஒருவர் சிஸ்டத்தை ஆன்கூடப் பண்ணாமல் விண்டோஸ் ஃபார்மட் போட்டார், 600 ரூபாய். அடுத்தவர் ராம் பிரச்சினை என்று இன்னொரு ஜோடி விற்றார், 3,400 ரூபாய். மூன்றாவது ஆள் போனிலேயே தீர்ப்பு சொன்னார்: கிரிப்டோ மைனிங்கில் அடிபட்ட கார்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், வேண்டுமென்றால் நானே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் விற்றிருப்பேன், அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது.

அண்ணாச்சி கடையில் முதலில் பிடித்தது, அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். "எப்படிப் போவுது? படம் உறைஞ்சு நின்னு சத்தம் மட்டும் இழுக்குதா, நீலத் திரை வருதா, கேம் மட்டும் மூடிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்திருதா, இல்ல மெயின் சுவிட்சை அணைச்ச மாதிரி போவுதா?" எனக்கு எல்லாமே "கிராஷ்" தான், நாலு வகை இருக்கிறது என்றே தோன்றியதில்லை. அவர் சொன்னபடி பார்த்தால் நாலும் நாலு ஊருக்குப் போகிற பஸ். கேம் மட்டும் மூடிக்கொண்டால் பெரும்பாலும் கேம் ஃபைல், டிரைவர் சம்பந்தம். டிரைவரைச் சேஃப் மோடில் டிடியு என்கிற டூலை வைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம். நீலத் திரை வந்தால் அதில் ஒரு எரர் பெயர் இருக்கும், விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபைலும் எழுதி வைத்திருக்கும், அதைத் திறந்தால் ராமா டிரைவரா என்று துப்புக் கிடைக்கும். உறைந்து நின்றால் ராம், ப்ராசசர், சூடு என்று பல பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றும் எழுதிவைக்காமல் பட்டென்று போனால் முதலில் கரண்ட் வருகிற வழியைப் பார். ஃபார்மட் போட்டவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் 600 ரூபாயும் சேமித்து வைத்திருந்த கேம்களும் தப்பித்திருக்கும்.

ரெண்டாவது கேள்வி, இன்டெலா ஏஎம்டியா. எதற்கென்று கேட்டேன். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறிக் காலப்போக்கில் சிப்பே தளர்ந்து போகிற கோளாறு இருந்ததை 2024இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கிற சாஃப்ட்வேர்) வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டியது. அந்தக் கோளாறு வந்தால் சில கேம்களில் "வீடியோ மெமரி போதவில்லை" என்று எரர் காட்டும், ஆள் பாவம் நல்ல கிராபிக்ஸ் கார்டை மாற்றிக்கொண்டிருப்பார். அந்த மாடல் சிஸ்டம் என்று தெரிந்தால் அண்ணாச்சி முதலில் பயாஸ் எந்தத் தேதி என்று பார்ப்பாராம். என்னுடையது ஏஎம்டி என்றதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அப்புறம் ஈவென்ட் வியூவரைத் திறந்தார், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற இடம் அது. வரிசையாகச் சிவப்பு: கெர்னல் பவர் 41, கெர்னல் பவர் 41. நான் வீட்டிலேயே அதைப் பார்த்திருந்தேன், ஏதோ கெர்னல் கோளாறு என்று பயந்தும் போயிருந்தேன். அவர் சிரித்தார். "இது காரணம் இல்ல தம்பி. ராத்திரி பூட்டு உடைஞ்சுது, காலையில வந்த வாட்ச்மேன் 'பூட்டு உடைஞ்சு கிடக்கு'ன்னு நோட்டுல எழுதுதான், அம்புட்டுதான். திருடன் யாருன்னு அவனுக்கு எங்க தெரியும்?" ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி எழுந்தால் விண்டோஸ் எழுதுகிற வரி அது. ஆனால் உள்ளே பக்செக் கோடு என்று ஒரு எரர் எண் இருக்கும், அது 0 என்று இருந்தது. நீலத் திரை வந்து போயிருந்தால் அங்கே வேறு எண் இருந்திருக்கும் என்றார். 0 என்றால் விண்டோஸுக்கே சாவு தெரியவில்லை.

கேபினட்டைத் திறந்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரானூர் சுற்றிலும் மரம் அறுக்கும் மில்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், என் ஜன்னலிலிருந்து கல்லெறிகிற தூரத்தில் ஒன்று. ஆனி ஆடிச் சாரல் ஈரமும் மரத்தூளும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் அடை மாதிரி அப்பியிருந்தது. "இதைத் திரட்டினா ஒரு மணப்பலகை செய்யலாம் போல" என்றார் அண்ணாச்சி. புளோயர் போட்டு ஊதி, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற பேஸ்ட்டை மாற்றினார். கார்டின் சூடு 84இலிருந்து 73 டிகிரிக்கு இறங்கியது. நான் அப்பாடா என்றேன். "சந்தோஷப்படாதிய, சூடானா கார்டு முதல்ல வேகத்தைத்தான் குறைக்கும், 84க்கெல்லாம் செத்து விழாது" என்று அதையும் பிடுங்கிக்கொண்டார். ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் நாலு சுற்று ராத்திரி முழுக்க ஓடியது, ராமில் ஒரு எரர்கூட இல்லை, பழையதிலும் இல்லை, 3,400 ரூபாய்க்கு வாங்கின புதியதிலும் இல்லை.

மறுநாள் டெஸ்ட். கார்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கிற ஃபர்மார்க் அரை மணி நேரம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. ரிப்பேர்காரரிடம் போனால் வண்டி நன்றாக ஓடுமே, அதே கதை, தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஃபர்மார்க் ஒரே சீராக இழுக்கும், கேம் அப்படி இழுக்காது, ஒரு வெடி வெடித்தால் ஏறும், சுவரைப் பார்த்தால் இறங்கும் என்று சொல்லி நான் ஆடுகிற கேமையே போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வயரில் மல்டிமீட்டரைக் குத்திவைத்தார். சும்மா இருக்கும்போது 12.1. கேமில் 11.5. மேலேயும் கீழேயும் 5 சதவீதம் வரை போகலாம், அதாவது 11.4 வரை தாங்கும் என்பது கணக்கு. "நம்ம ஊரு மாதிரி, பார்டர்ல நிக்கி" என்றார். இருபதாவது நிமிஷம் பட். மூன்று மாதமாக அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து எரிச்சல்பட்டவன், அன்றைக்குத்தான் அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி லேபிளைக் காட்டினார். இதை நீங்களும் உங்கள் வீட்டில் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 28 ஆம்பியர். பெருக்கினால் 336 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும் அதை அவ்வளவாகத் தொடாது, அதுகளுக்கு 12 வோல்ட்தான் சாப்பாடு. கார்டுக்கு 220, 5600 ப்ராசசர் முழு வேகத்தில் இழுக்கிற 76, ஆக 296, அதற்கு மேல் ஃபேன், போர்டு, டிஸ்க். சரி, 336க்குள் எப்படியோ அடங்குகிறதே என்றேன். 220 என்பது சராசரிதானாம். சில மில்லி செகண்டுக்கு இந்த வகைக் கார்டுகள் அதைவிட ரொம்ப மேலே துள்ளும், அந்தத் துள்ளலில் எஸ்எம்பிஎஸ் பயந்து தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இந்தத் தொல்லைக்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதியில், 100 மைக்ரோ செகண்ட் அளவுக்கு ரெண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களாம். போதாக்குறைக்கு, கார்டின் ரெண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே வயரிலிருந்து கிளை பிரித்துச் சொருகியிருந்தேன். ஒரு 8 பின்னுக்கு 150 வாட் கணக்கு, தனித்தனி வயர் கொடுத்தால் என்ன கேடு என்று திட்டு.

கடையிலிருந்த 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே மேஜையில் வைத்தபடியே மாட்டி ரெண்டு மணி நேரம் ஆடவிட்டார். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் "வாங்கலாமா?" என்று கேட்டார். 650 வாட் போதும், 3070க்கு என்விடியாவே அதைத்தான் சொல்கிறது என்று 750ஐ என் தலையில் கட்டாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். ஸ்டாக் இல்லை, எர்ணாகுளத்திலிருந்து வரவேண்டும். சென்னை நமக்கு எங்கேயோ இருக்கிறது, மலை இறங்கினால் கேரளா, 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது, சாமான் அந்தப் பக்கமிருந்து வருவதில் ஆச்சரியம் இல்லை. நாலு நாள் ஆகும் என்றார், எட்டு நாள் ஆனது. 5,900 ரூபாய்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆறு நாள் அருமையாக ஓடியது. ஏழாம் நாள் பட். ரெண்டு நாள் கழித்து மறுபடி பட். அடித்துப் பிடித்து போன் போட்டால் எடுக்கவில்லை. (அவர் போனே எடுக்க மாட்டார், இது ஒரு குறை, பின்னால் வருகிறேன்.) நேரில் போய்க் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன், அங்கே ஆரியங்காவிலிருந்து வந்த ஒருவர் "சாவகாசம், சாவகாசம்" என்று என்னை அடக்குகிற அளவுக்கு. அண்ணாச்சி கோபப்படவில்லை. ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, "எப்பெப்ப அணையுதோ தேதி, மணி, கிழமை எழுதிட்டு வாங்க. ஊகிக்காதிய, எழுதுங்க" என்றார். பள்ளிக்கூடத்துப் பையனை மாதிரி எழுதினேன். ரெண்டு வாரத்தில் ஆறு தடவை. அவர் நோட்டைப் பார்த்தார், அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"எல்லாமே ரெண்டு மணியிலேருந்து ரெண்டரைக்குள்ள. ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்ல. வீட்டுப் பக்கத்துல மில்லு இருக்குன்னீங்கல்லா?"

மில்லில் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். ரெண்டு மணிக்கு மேல் மோட்டாரெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுவார்கள். பெரிய மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும், அந்த நொடியில் எங்கள் தெருவே மங்கும். டியூப்லைட் கண் சிமிட்டுவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், மூளைக்கு எட்டவில்லை.

ஆனால் வோல்டேஜ் இறங்கினால் நல்ல எஸ்எம்பிஎஸ் அணையாதே, 100லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதே? அதையும் கேட்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு பைக்கில் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார். சுவர் பிளக்கில் மீட்டரைச் சொருகிவிட்டுக் காபி குடித்தோம். 226. ரெண்டு ஏழுக்கு மில்லில் உறுமல் கேட்டது, மீட்டர் ஒரு நொடி 187ஐக் காட்டிவிட்டு ஏறியது, அதே நொடியில் மேஜைக்கடியில் "டிக்" என்று ஒரு சத்தம், சிஸ்டம் அவுட்.

டிக் சொன்னது யூபிஎஸ். 600 விஏ என்று பெரிதாகப் போட்ட அந்தக் கறுப்புப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்கும். 600 என்பது வாட் இல்லை. பின்னால் பார்த்தால் 360 வாட் என்று இருக்கும். கேம் ஓடும்போது என் சிஸ்டம் சுவரிலிருந்து இழுப்பது 400க்கு மேல், மானிட்டர் தனி. கரண்ட் இருக்கிறவரை யூபிஎஸ் சும்மா வழிவிடும், ஒரு பிரச்சினையும் தெரியாது. வோல்டேஜ் சட்டென்று இறங்கியதும் அது பேட்டரிக்குத் தாவும், தாவிய நொடியே 360க்குள் அடங்காத சுமை தலையில் விழும், ஓவர்லோடு என்று கையை விரித்துவிடும். பேட்டரியும் மூன்று வருஷப் பழசு. காப்பாற்றுவதற்காக வைத்த பெட்டிதான் காலை வாரிக்கொண்டிருந்தது. பழைய எஸ்எம்பிஎஸ் இருந்தபோதும் இது நடந்திருக்கும், ரெண்டு கோளாறும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததால் எனக்குக் கணக்கே பிடிபடவில்லை.

பெரிய யூபிஎஸ் ஒன்று விற்க இதைவிட நல்ல நேரம் ஒரு கடைக்காரருக்கு வாய்க்காது. சைன் வேவ் யூபிஎஸ் எவ்வளவு ஆகும் என்று நானே கேட்டேன். "பத்தாயிரத்துக்கு மேல ஆவும். வேலை எதுல பாக்குதிய, லேப்டாப்புலதான? கேம் பாதியில போனா என்ன, திரும்ப ஆடிக்கிட வேண்டியதுதான். வேண்டாம்" என்றார். சிஸ்டத்தை நேரே சுவர் பிளக்கில், நல்ல ஸ்பைக் பஸ்டர் (திடீரென்று ஏறுகிற வோல்டேஜைத் தடுக்கிற பிளக் பாக்ஸ்) வழியாக. மோடமும் மானிட்டரும் மட்டும் யூபிஎஸ்ஸில். அவ்வளவுதான் வைத்தியம். போகும்போது என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த் பின் உடைந்து கிடப்பதைப் பார்த்து ஒரு முறை முறைத்தார், மாற்றிவிட்டேன். எர்த் இல்லாமல் கேபினட்டைத் தொட்டால் சுருசுரு என்று இருக்குமே, அதைப் பழக்கமாக்கிக்கொண்டு வாழ்கிற ஆட்கள் நம்மில் நிறைய.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஆகிறது. நோட்டில் ஒரு வரிகூடச் சேரவில்லை. ரெண்டு மணிக்கு மேல் மில் உறுமும், லைட் மங்கும், யூபிஎஸ் மோடமுக்காக ஒரு டிக் போடும், நான் ஆடிக்கொண்டிருப்பேன். மச்சானுக்குத்தான் கிண்டலடிக்க விஷயம் இல்லாமல் போய்விட்டது.

செலவு: செக்கிங் 300, சுத்தம் செய்து பேஸ்ட் போட்டது 400, எஸ்எம்பிஎஸ் 5,900, வீட்டுக்கு வந்ததற்குப் பெட்ரோல் என்று 100. மொத்தம் 6,700. இதற்கு முன்னால் வியாதியே தெரியாமல் நான் தொலைத்தது 4,000.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று ஏன் என்றால், முதலில் போன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நாலு நாள் என்றால் எட்டு நாள் என்று நீங்களாகவே கூட்டிக்கொள்ள வேண்டும். பில் கேட்டால்தான் எழுதுவார், எஸ்எம்பிஎஸ் வாரண்டிக்குப் பில் வேண்டும், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். வயரை அழகாகக் கட்டுவது, கலர் லைட் எரியவிடுவது இதெல்லாம் அவரிடம் கிடையாது, என் கேபினட்டுக்குள் இப்போது கொடி பின்னிக் கிடக்கிறது, கண்ணாடிப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். கார்த்திகையில் மாலை போட்டுவிட்டால் கடை எப்போது திறக்கும் என்று அந்த ஐயப்பனுக்குத்தான் தெரியும், அந்தச் சீசனில் ரோட்டிலும் வண்டி நகராது.

காலை 11 மணிக்குத் திறப்பார். ஒன்றரைக்குச் சாத்திவிட்டு மறுபடி திறப்பது நாலரைக்கு. தெரியாமல் மதியத்தில் போய் மாட்டிக்கொண்டால் சிஸ்டத்தைக் கீழே விதைக்கடையில் வைத்துவிட்டு பார்டரில் பரோட்டா சாப்பிட்டு வாருங்கள், விதைக்கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருக்குப் பழக்கம்தான்.